பாட்டி விழுந்தபோது அவன் ஏன் சிரித்தான்?

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு சிறிய தெரபி மையத்தில் 2 வருடமாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். 9 வயதுப் பையன் ஒருவன், ஆட்டிசம். ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) அம்மாவுடன் பஸ்ஸில் வருகிறான். வீட்டில் படுகு மொழி பேசுகிறார்கள். அவனுக்குப் பேச்சு குறைவு. "பஸ் போயிருச்சு" என்பதை மட்டும் நாள் முழுக்கச் சொல்வான். போன மாதம் பாட்டி வாசலில் வழுக்கி விழுந்தபோது கைதட்டிச் சிரித்தானாம். தங்கச்சி அழுதால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஒருமுறை அவளைத் தள்ளியும் விட்டான். "இவனுக்கு மனசே இல்லையா மிஸ்? அடுத்தவங்க வலி புரியற மாதிரி ஏதாச்சும் சொல்லிக்கொடுங்க" என்று அம்மா அழுகிறார். இன்னொருத்தி 15 வயதுப் பெண், ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் (கவனம் சிதறி, துறுதுறுவென்று இருக்கும் நிலை). பள்ளியில் நடந்த ஒன்றைச் சொன்னாள். "எனக்குப் புரியுதும்மா" என்றேன். "நீங்க புரிஞ்ச மாதிரி நடிக்கிறீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கு ஒத்துணர்வு சொல்லித்தர வந்த எனக்கே அது இல்லையோ என்று இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பையனின் சிரிப்புக்கு வீட்டார் ஒரு பொருள் வைத்தார்கள், அது சரியா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண் சொன்னதற்கு நீங்கள் ஒரு பொருள் வைத்தீர்கள், சரியா என்று அவளிடம் கேட்கவில்லை. தெரபி அறையில் ஒத்துணர்வு என்பது மனம் இளகுவதோடு முடிவதில்லை. ஊகிக்க வேண்டும், ஊகத்தைச் சோதிக்க வேண்டும், தவறென்றால் திருத்திக்கொள்ள வேண்டும். இரக்கம் உங்களிடம் நிறையவே இருக்கிறது, கடிதமே அதைச் சொல்கிறது. மற்றது பழகப் பழக வரும் கைவேலை.

"ஆட்டிசம் என்றால் அடுத்தவர் வலி தெரியாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்த அம்மாவிடம் பேசுவது எளிது. 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹென், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வந்த சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பது இவர்களில் பலருக்குச் சிரமம் என்று அதிலிருந்து சொல்லலாம். அடுத்தவருக்கு அடிபட்டால் இவர்களுக்கு உறைக்காது என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. 4 பேர் சரியாகவே சொன்னார்கள் என்பதையும் எல்லோரும் மறந்துவிட்டோம்.

தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012இல் இதைத் திருப்பிக் கேட்டார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோம், நமக்கு அவர்களைப் புரிகிறதா? இதை 'இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல்' என்றார். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையை ஒருவர் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல, 8 பேர் வரிசையாகக் கடத்தினார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில் கதை, ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் சிதறியது. உங்கள் அறை அந்தக் கலந்த வரிசை. சிதறல் இருக்கத்தான் செய்யும். அதைக் குறைக்கும் வேலையில் பாதி பெரியவர் பக்கம் இருக்கிறது, சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பவர் நாம் என்பதால் பாதிக்கும் மேலே.

இப்போது அந்தச் சிரிப்பு. பெரியவர் ஒருவர் திடீரென்று விழும்போது எவ்வளவு நடக்கிறது பாருங்கள்: பெரிய சத்தம், இதுவரை பார்க்காத அசைவு, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவது, முகங்கள் சட்டென்று மாறுவது. பயத்தில் சிரிக்கும் பிள்ளைகள் உண்டு. உடம்புக்குள் பொங்குவதை வெளியேற்ற வேறு வழி தெரியாமல் கைதட்டும் பிள்ளைகள் உண்டு. சத்தமும் அசைவும் மட்டும் மனதில் பதிந்து, வலி என்ற செய்தி அரை மணி நேரம் கழித்து வந்து சேரும் பிள்ளைகளும் உண்டு. இவன் எந்த வகை என்று நாம் இங்கிருந்து சொல்ல முடியாது, அம்மாவிடம் கேட்டால் தெரியும். சிரித்தபோது உடம்பு தளர்ந்து இருந்ததா, விறைத்து இருந்ததா? அடுத்த பத்து நிமிடம் என்ன செய்தான்? அன்று இரவு தூங்கினானா? மறுநாள் அந்த வாசற்படியைத் தாண்ட யோசித்தானா? பாட்டியின் காலைத் தொட்டுப் பார்த்தானா, காயக்கட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தானா? விறைத்த உடம்பும், கெட்ட தூக்கமும், வாசலைத் தவிர்ப்பதும் சேர்ந்தால் அது பெரும்பாலும் பயம். அதை 'மனசில்லை' என்று படிப்பது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

தங்கச்சி விஷயம் இன்னும் தெளிவு. காதைப் பொத்துகிற பிள்ளைக்கு அந்த அழுகை வலிக்கிறது. தள்ளியது, வலிக்கும் சத்தத்தை நிறுத்த. அதற்காகத் தள்ளலாம் என்று விடக் கூடாது. ஒத்துணர்வு என்றால் எல்லை இல்லாமை என்று நினைத்துத் தடுமாறும் இளம் தெரபிஸ்டுகள் நிறைய. பெரியவர் நடுவில் நிற்க வேண்டும், "தள்ள விடமாட்டேன். வெளிய போலாம்" என்று ஒரே தடவை, தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும், வழி காட்ட வேண்டும். காது மூடும் ஹெட்போன் ஒன்று வீட்டில் எப்போதும் ஒரே ஆணியில், அவன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கட்டும். அலமாரிக்குள் வைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது. அவன் ஓடிப்போய் உட்கார ஓர் இடம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தங்கச்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், அவளும் பிள்ளைதானே: "நீ அழுதா அண்ணன் காது வலிக்கும். உன்மேல கோபம் இல்ல."

அம்மா கேட்கும் 'சொல்லிக்கொடுப்பது' இங்கேதான் வருகிறது. யாருக்காவது அடிபட்டால் பெரியவர் மூன்று சிறு வாக்கியம் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, அவருக்கு எப்படி இருக்கிறது, இவன் என்ன செய்யலாம். "பாட்டி விழுந்துட்டாங்க. முட்டி வலிக்குது. துணி எடுத்துட்டு வா." மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். செய்ய ஒரு வேலை கொடுத்தால் பல பிள்ளைகள் ஓடிப்போய்ச் செய்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது அந்த அடுத்த அடி மட்டும்தான். அமைதியான நேரத்தில் இதையே நான்கு கட்டங்களில் குச்சி மனிதர்கள் வரைந்து காட்டுங்கள். வலிப்பது போல நடித்துக் காட்டாதீர்கள். பெரியவர் பொய்யாக அழுதால் அவனுக்கு உண்மையான அழுகையைப் படிப்பதும் குழம்பும். "ஸாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். அந்தச் சத்தத்தை எழுப்பினால் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள் என்பது மட்டும்தான் அதிலிருந்து பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம்.

அவன் கோப்பில் குறிக்கோளாக 'ஒத்துணர்வு வளர்த்தல்' என்றோ 'கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டல்' என்றோ எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லும் அந்த நேரத்தில் அவனால் காதால் வாங்க முடியாமல் போகும். இப்படி எழுதலாம்: 'தங்கச்சி அழும்போது, ஒருமுறை நினைவூட்டினால், ஹெட்போனை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போவான். அழுகை நின்றபின் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பான்.' இதை அம்மாவால் பார்க்க முடியும், எண்ண முடியும்.

அடுத்தது "பஸ் போயிருச்சு". இதை நிறுத்தப் பார்க்காதீர்கள். இந்தப் பையனிடம் உள்ள பெரிய சொத்து அதுதான். கேட்டதைத் திருப்பிச் சொல்வது வெறும் ஒலி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1981இலேயே பேரி பிரிசான்ட், ஜூடித் டூகன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், பிள்ளைகள் உடனுக்குடன் திருப்பிச் சொல்வதில் ஏழு விதமான பயன் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். நாள் கழித்துச் சொல்லும் வாக்கியங்களுக்கும் பொருள் உண்டு. அந்தப் பொருள் அகராதியில் இருக்காது, அந்த வாக்கியத்தை அவன் முதலில் பிடித்த நேரத்தில் இருக்கும்.

ஒரு 40 பக்க நோட்டு எடுத்து, பக்கத்துக்கு நான்கு கோடு போடுங்கள். எத்தனை மணிக்குச் சொன்னான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எந்தக் குரலில் சொன்னான், பிறகு என்ன ஆனது. 14 நாள். அம்மாவிடமும் ஒன்று கொடுங்கள். எழுத நேரமில்லை என்றால் போனில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு கோலம் தெரியும். பிஸ்கட் தீர்ந்ததும், ஸ்லேட்டை எடுத்து வைத்ததும், அம்மா வெளியே போனதும் சொல்கிறான் என்றால் அது 'முடிந்துவிட்டது' என்பதாக இருக்கலாம். வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னால் 'வீட்டுக்குப் போகணும்'. மூச்சு வேகமாகி, குரல் ஏறினால் 'பயமாக இருக்கிறது'.

ஊகம் கிடைத்ததும் அதைச் சோதிக்க வேண்டும். பிஸ்கட் தீர்ந்த நேரத்தில் அவன் "பஸ் போயிருச்சு" என்றால் நீங்கள் மெல்ல "பிஸ்கட் முடிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். "அப்படிச் சொல்லாதே, இப்படிச் சொல்லு" என்று சேர்க்காதீர்கள். சரியான ஊகம் என்றால் அவன் திரும்பச் சொல்வது குறையும், தோள் இறங்கும், அடுத்த வேலைக்குப் போவான். சில வாரத்தில் உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டாலும் கொள்வான். தவறென்றால் இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாகச் சொல்வான். ஒரு நேரத்தில் ஒரே ஊகம், குறைந்தது ஐந்து சந்தர்ப்பம் பார்த்தபிறகே அடுத்தது. ஒரே நிமிடத்தில் மூன்று ஊகத்தைக் கொட்டினால் எது பொருந்தியது என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் மூன்று கேள்வி வந்து விழுந்தது போலிருக்கும்.

இதற்கிடையில் பேச்சுக்குத் துணையாகப் படங்களைத் தொடங்கிவிடலாம். படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பாட்டி பயப்படுவார், பல டாக்டர்களும் அப்படிச் சொல்வதுண்டு. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. லேமினேட் செய்த மூன்று அட்டை போதும்: 'வேணாம்', 'கொஞ்ச நேரம்', 'முடிஞ்சுது'. 'வேணாம்' அட்டையை நீட்டினால், முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு தடவையும், விதிவிலக்கே இல்லாமல், நீங்கள் நிறுத்தியாக வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த அட்டை செத்துப்போகும், அவன் கைக்கும் பல்லுக்கும் திரும்பிவிடுவான். பிறகு விரிவாக்க, சென்னையில் உருவான ஆவாஸ் செயலி (படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும்) தமிழிலும் இருக்கிறது.

மொழி பற்றி ஒன்று. 'வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள்' என்று மையத்தில் யாராவது சொல்லியிருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாது. பழக்கமில்லாத தமிழில் அளந்து அளந்து பேசும் அம்மாவிடம் கொஞ்சலும் தாலாட்டும் போய்விடும். பையனுக்கு இழப்பு அதுதான். அட்டையில் படம் ஒன்றாக இருக்கட்டும், மையத்தில் 'தண்ணி', வீட்டில் 'நீரு'. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். 'ஹாலு' என்று பால் கேட்கும் பிள்ளையின் கோப்பில் 'பேச்சு இல்லை' என்று எழுதுவது நம் காதின் குறை.

அவன் உங்கள் அறைக்கு வருவதற்குள் என்னென்ன கடந்து வருகிறான் என்பதையும் கணக்கில் எடுங்கள். மலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வயிறு புரளும், காது அடைக்கும், டீசல் நாற்றம், நெருக்கி நிற்கும் ஆட்கள். நனைந்த சாக்ஸ். கழுத்தைக் குத்தும் கம்பளி ஸ்வெட்டர். பத்து நிமிடத்தில் மேஜையில் உட்கார வைத்து மணி கோக்கச் சொன்னால் மறுப்பான், கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஏறும். டிசம்பர், ஜனவரிக் காலையில் விரல் மரத்துப்போயிருக்கும்போது பென்சில் பிடிக்க முடியாமல் இருப்பது குளிரின் வேலை. முதல் 10, 15 நிமிடம் ஒன்றும் கேட்காதீர்கள். இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸ் (உள்பக்கத் தையல் தடிப்பாக இல்லாததாக), ஒரு பருத்தி பனியன் (ஸ்வெட்டருக்குள் போட), ஒரு சிறு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். சில பிள்ளைகளுக்குச் சூடு தாமதமாகத்தான் உறைக்கும், "சுடுதா?" என்று கேட்டு நம்பக் கூடாது. மூன்று நிமிடம் கை நனைத்தால் விரல் இளகும். தண்ணீர் பிடிக்காதவனுக்குத் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே வேலை வைக்காதீர்கள், உங்கள் குரலே அவனுக்குக் கேட்காது.

புதிதாகத் தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினால் நடத்தைத் திட்டம் போடுவதற்கு முன் காது, பல், வயிறு மூன்றையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். காதுவலியையும் மலச்சிக்கலையும் சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்?

அறைக்குள் உட்காரும் விதம். எதிரே வேண்டாம், பக்கவாட்டில், ஒரு கை தூரத்துக்குச் சற்று வெளியே, அவன் உயரத்துக்கு. அவன் கார்ச் சக்கரத்தைச் சுழற்றினால் உங்களிடமும் ஒரு கார் இருக்கட்டும், நீங்களும் சுழற்றுங்கள். பொருளோடு செய்வதைத்தான் பின்பற்ற வேண்டும். கையை உதறுவதையும் முகத்தையும் நகல் எடுத்தால் கேலி போலாகிவிடும், வளர்ந்த பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள். கேள்வி குறையட்டும். நான்கு வாக்கியம் பேசினால் ஒன்று கேள்வியாக இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நான்காவது எண்ணிலேயே வாய் துறுதுறுக்கும். அப்போது கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதில் வராத பிள்ளைகள் என்று எழுதப்பட்டவர்களில் பலர் ஏழாவது எண்ணில் பதில் சொல்கிறவர்கள். தொடுவதற்கு முன் "கையைப் பிடிக்கப் போறேன்" என்று சொல்லி, ஒரு மூச்சு நின்று, பிறகு தொடுங்கள். மறந்து தொட்டுவிட்டால் அப்போதே சொல்லுங்கள்: "சொல்லாம தொட்டுட்டேன். தப்பு. அடுத்த தடவ சொல்லிட்டுத் தொடறேன்." பேசாத பிள்ளைக்கு எதற்கு இந்த வார்த்தை என்று நினைக்க வேண்டாம். பேசாத பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பஸ், ரயில் அவனுக்குப் பிடிக்கும் என்றால் உங்கள் ஊரில் அருமையான கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. குன்னூரிலிருந்து உதகைக்கு ஆறு நிலையம்: குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். 45 நிமிட வகுப்பை இந்த ஆறாகப் பிரித்து ஒரு நீள அட்டையில் எழுதுங்கள். குன்னூரில் வந்து இளைப்பாறுவது, வெலிங்டனில் அவன் விளையாட்டு, அரவங்காட்டில் கைவேலை, கேத்தியில் தின்பது, லவ்டேலில் படக்கதை, உதகையில் ஷூ போட்டு அம்மாவிடம் போவது. ஒவ்வொன்றும் முடிந்ததும் அட்டை என்ஜினை அவனே நகர்த்தட்டும். குன்னூருக்கு மேலே வழக்கமாக டீசல் என்ஜின்தான் இழுக்கும், நீராவி என்ஜினை வரைந்து வைத்தால் அவனுக்கு உறுத்தலாம். இன்னும் எத்தனை மீதி, எப்போது வீடு என்பது கண்ணுக்குத் தெரிவதால்தான் இது வேலை செய்கிறது. திட்டம் மாறினால் ஒரு சிவப்பு சிக்னல் அட்டை வைத்து முன்பே காட்டுங்கள். ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள்: தண்டனையாக ரயிலைப் பிடுங்காதீர்கள், "இதைச் செஞ்சாத்தான் ரயில்" என்று தூண்டிலில் மாட்டாதீர்கள். அவன் உங்களை உள்ளே விட்டிருக்கும் ஒரே கதவு அது.

மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது) வந்தால் சுருக்கமாக: ஆட்களை வெளியே அனுப்புங்கள், விளக்கைக் குறையுங்கள், பேச்சை நிறுத்துங்கள், கூர்மையான பொருளை நகர்த்துங்கள், சில அடி தள்ளி உட்காருங்கள். கட்டிப்பிடிக்க வேண்டாம், ஆபத்து என்றால் ஒழிய. அடங்கிய பிறகும் உடம்பு தேறப் பல நேரம் ஒரு மணி நேரம் ஆகலாம். அன்றைக்கே உட்காரவைத்து அறிவுரை சொல்வது வீண்.

இனி அந்தப் பெண். அவள் பேச்சை நிறுத்திய விதத்தில் எனக்கு மரியாதை வருகிறது. பெரும்பாலான பெண் பிள்ளைகள் சிரித்துவிட்டு "ஓகே மிஸ்" என்று போய்விடுவார்கள். பள்ளியில் நாள் முழுக்க முகத்தையும் குரலையும் அடுத்தவருக்காகச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் வெடிப்பவர்கள் அவர்கள். 'வெளியில நல்ல பொண்ணு, வீட்டில்தான் இப்படி' என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். அவள் உங்களிடம் நடிக்கவில்லை. நீங்கள் நடித்ததையும் சொல்லிவிட்டாள். "எனக்குப் புரியுது" என்பது சொல்ல வந்தவரின் பேச்சை மூடிவிடும் வாக்கியம். அதைவிட மோசமானது "எனக்கும் அப்படி நடந்தா அழுதிருப்பேன்" என்பது. அவள் அழவே நினைக்காமல் இருந்திருக்கலாம், கோபமோ வெறும் களைப்போ இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு முறை, எழுத்தில், இப்படிக் கொடுங்கள்: 'போன தடவை புரியுதுன்னு சொன்னேன். முழுசா புரியல. நீ சொன்னதுல எதை நான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சுக்கணும். பேசித்தான் சொல்லணும்னு இல்ல. எழுதலாம், வேணாம்னா விட்டுடலாம்.' இதில் 'ஆனா' வரக் கூடாது, உங்கள் வருத்தமும் வரக் கூடாது. உங்களை ஆறுதல்படுத்துவது அவள் வேலையில்லை. பதில் வந்ததா என்று அடுத்த வகுப்பில் கேட்காதீர்கள். 20 நிமிடம் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கைவேலை. ஏ.டி.எச்.டி. உள்ளவளுக்கு நடந்துகொண்டே பேசுவது எளிதாக இருக்கும். காட்டெருமை இறங்கும் நேரத்தைத் தவிர்த்து, பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, தேயிலைக்கு நடுவே தெரிந்த பாதையில் நடங்கள்.

அவள் மறுபடி பேசும்போது, கேட்டதைத் திருப்பிச் சொல்லி மூன்று விடை கொடுங்கள்: "நான் புரிஞ்சுக்கிட்டது இது. சரியா, பாதி சரியா, தப்பா?" 'பாதி சரி' என்ற விடைதான் அதிகம் வரும், அதிலிருந்துதான் பேச்சு ஓடும். "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுக் காத்திருக்காதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தம் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே சிரமம். முகம் வரைந்த உணர்ச்சி அட்டை அவர்களில் பலருக்கு உதவாது. உடம்பைக் கேளுங்கள்: வயிறு எப்படி இருந்தது, தாடை இறுகியிருந்ததா, கை சூடா சில்லென்றா. அளவுகோல் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. எத்தனாவது வளைவில் வயிறு புரளத் தொடங்கும், எதில் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவளே குறித்துக்கொள்ளட்டும். சின்னப்பிள்ளைத்தனம் என்று அவள் நினைத்தால் வேறு ஒன்றை அவளே தேர்ந்தெடுப்பாள்.

அம்மாவிடம் எது போகும், எது போகாது என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லுங்கள். எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) நாம் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் சொல்லியாக வேண்டும். இதை நடந்த பிறகு சொன்னால் துரோகம், முன்பே சொன்னால் நேர்மை. அவள் ஒதுங்கிக்கொண்டதோடு தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் அன்றே வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். இரவில் என்றால் 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது.

பையனின் அம்மாவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும்போது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறாரா என்று பாருங்கள். தினம் அரை மணி நேரப் பயிற்சி ஐந்து என்று எழுதிக் கொடுத்தால் செய்ய முடியாமல் குற்ற உணர்ச்சியோடு திரும்பி வருவார், கொஞ்ச நாளில் வருவதையே நிறுத்துவார். குளிக்க வெந்நீர் காயும் நேரத்தில் ஒரு காரியம், ஒரே காரியம். இந்த மாதம் அது நோட்டு.

கடைசியாக உங்கள் நாள். ஒரு நாளில் எட்டுப் பிள்ளைகளை இடைவெளியின்றி அடுத்தடுத்துப் பார்த்தால், ஆறாவது பிள்ளையிடம் பத்து எண்ண யாருக்கும் பொறுமை இருக்காது. அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அட்டவணைக் கோளாறு அது. வகுப்புக்கு வகுப்பு 10 நிமிடம் கேளுங்கள். அதில் மூன்று வரி எழுதுங்கள்: பார்த்தது, ஊகித்தது, எனக்குள் ஓடியது. மூன்றையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். மாதம் ஒருமுறை, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள், அவன் உடம்பு எப்போது உங்களை விட்டு விலகுகிறது என்று தெரியும். பிறகு ஒலியோடு பார்த்து, நீங்கள் கேட்ட கேள்விகளை எண்ணுங்கள்.

நோட்டின் 14 நாள் முடிந்ததும், "பஸ் போயிருச்சு" எந்தெந்த நேரத்தில் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அந்தப் பையன் முதன்முதலில் அதை எப்போது சொன்னான் என்று பாட்டியிடமும் கேட்டு அதில் சேர்த்துவிடுங்கள், அவருக்குத்தான் நினைவிருக்கும்.